ரெண்டாவதாக் குடு

கை தட்டுதாளுவ. நான் புல்லுல குப்புறக் கெடக்கேன். மூக்குல மண்ணு, வாயில இரும்பு வாடை, நெஞ்சு கெடந்து துள்ளுது, முதுகுல எவளோ தட்டுதா, சூப்பர்ட்டி முப்பிடாதி, பறந்துட்டட்டி, அப்படீங்கா. கேலரியில நம்ம காலேஜ் பிள்ளைக மொத்தமும் எந்திரிச்சு நின்னு கத்துதுக. நாலு பேரு ரிலே, ஆளுக்கு மூணு ரவுண்டு, மூணாவது ஆளு நான். ரெண்டாவதா வந்துக்கிட்டு இருந்தவ கடைசி நூறு மீட்டர்ல, முன்னால போன வேற காலேஜு பச்சை பனியன்காரியச் சுத்திப் போயி, பத்தடி முன்னால, மொத ஆளா பேட்டனக் கொண்டாந்து நாலாவது ஆளு ஆவுடை கையில குடுத்துட்டேன். அதுக்குத்தான் இந்தக் கைதட்டு. பேட்டன வாங்கி ஓடிக்கிட்டே ஆவுடை ஒரு வார்த்தை சொன்னா. ஏன்ட்டின்னா. அவ்வளவுதான், அதுக்குள்ள வளைவுக்குப் போயிட்டா. இவளுவ போடுத சத்தத்துல எனக்கு அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே கெடக்கு. ஏன்ட்டி. நான் எங்க போயிப் பதில் சொல்ல? எந்திரி, எந்திரிச்சு உக்காரு மொதல்ல, சவம் மாதிரிக் கெடக்காத, அவ ஓடுதா, பாரு.

ரெண்டாவதாக் குடுன்னுதான் பி.டி. பொன்னையா சார் சொல்லியிருந்தாவ. காலையில பஸ்ஸுக்குப் பின்னால காத்து மறைவுல எங்க நாலு பேரையும் உக்கார வச்சு, ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொன்னாவ. வள்ளியூர்க் காத்து. ஆவணி பொறந்தும் அடங்கல. ஆரல்வாய்மொழிக் கணவாயில இருந்து நேரா இந்த கிரவுண்டுக்குன்னே அனுப்பி வச்ச மாதிரி அடிக்கி. தொப்பி நிக்கல, பந்தல் துணி நிக்கல, லேனுக்குப் போட்ட சுண்ணாம்பையே பாதி தூத்திட்டுப் போயிருச்சு. "இன்னைக்குப் போட்டி பச்சை பனியனோட இல்ல பிள்ளைகளா, காத்தோட. எதுத்த பக்கம் போகயில நெஞ்சுல அடிக்கும். எவ முன்னால போறாளோ அவளுக்குத்தான் அந்த அடி, பின்னால ஒட்டி வாறவளுக்கு அவ முதுகே மறைப்பு. இந்தப் பக்கம் திரும்பினா காத்து பின்னால இருந்து தள்ளும், அப்போ எவகிட்ட மிச்சம் இருக்கோ அவதான் ஜெயிப்பா. ஆவுடைக்கு லீடு வேண்டாம். அவளுக்கு ஒரு முதுகுதான் வேணும். முப்பிடாதி, நீ முன்னால வரவே கூடாது. ஒட்டிக்கிட்டே வா, ரெண்டாவதாக் குடு. அவ அந்தப் பிள்ள பின்னாலயே போயி கடைசில பாத்துக்கிடுவா. வெளங்குச்சா?" வெளங்குச்சு சார்னேன். மண்டைய வேற ஆட்டினேன். ரெண்டாவது வாறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும், சும்மா வந்தாப் போதும். ஒண்ணும் செய்யாம வான்னு சொன்ன வேலை. அதச் செய்யத் தெரியல எனக்கு.

கடைசி வளைவு வரைக்கும் ஒழுங்காத்தான் வந்தேன், சத்தியமா. ரெண்டே முக்கால் ரவுண்டு அந்தப் பச்சைக்காரி முதுகப் பாத்துக்கிட்டே, சடை இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுததப் பாத்துக்கிட்டே, எதுத்த காத்துல அவ மூச்சு எரைக்கதக் கேட்டுக்கிட்டே சொகமா வந்தேன். வளைவு முடிஞ்சுச்சு. காத்து முதுகுல கை வச்சுத் தள்ளுச்சு. கேலரி கண்ணுல பட்டுச்சு. முப்பிடாதீ, விடாதட்டீ, தூக்குட்டீன்னு ஒரே கூப்பாடு. அதுல முக்காவாசிக்கு ஓட்டத்தப் பத்தி ஒரு எழவும் தெரியாது, முன்னால போறவ ஜெயிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனைக்கித கூட்டம், ஆனாலும் என் பேரச் சொல்லில்லா கத்துதுக. ரெண்டு வருசமா ஓடுதேன், என் பேர அத்தன வாயி ஒண்ணாச் சொல்லி நான் கேட்டதில்ல. காலு தானாப் போயிருச்சுன்னு சொல்லலாம். சார் கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு இப்பவே மனசு ஒத்திகை பாக்குது, காத்து தள்ளிருச்சு சார், நிறுத்த முடியல சார்னு. பொய்யி. காலு தானா எங்கயாவது போவுமா? நாந்தான் போனேன். அவளத் தாண்டும்போது என்ன சந்தோசமா இருந்துச்சு தெரியுமா, அதச் சொல்லு மொதல்ல. அப்படி ஒரு சந்தோசம்.

வெறும் கூப்பாட்டுக்கா போனேன்? நேத்தைக்குள்ளதும் இருக்கா அதுல? நேத்து ஆயிரத்தைநூறு மீட்டர்ல ஆவுடையும் நானும் சேந்து ஓடினோம். தொடக்கத்துல இருந்து என் முதுகுலயே கெடந்தா. எதுத்த காத்து பூராவும் நான் நெஞ்சுல வாங்கினேன், அவ நெழல்ல வாறது மாதிரி வந்தா, கடைசில ஒரு சத்தம் இல்லாம பக்கத்துல வந்து, ஒரு எட்டு, ரெண்டு எட்டு, போயிட்டா. அவ தங்கம், நான் வெள்ளி. ஒரே காலேஜ், ஒரே ரூம், ஒரே வாளியில துணி நனைக்கோம். சாப்பாட்டுல அவளுக்கு வச்ச முட்டைய எடுத்து என் தட்டுல வச்சு, "தப்பா நெனைக்காதட்டி, எனக்கு அப்படித்தான் ஓட வருது"ன்னா. நான் முட்டையத் தின்னேன். "போட்டி, இதுல என்ன இருக்கு"ன்னேன். ஒண்ணும் இல்லையா? ஒண்ணும் இல்லேன்னா, இன்னைக்கு அவ கோட்டுகிட்ட கைய நீட்டிக்கிட்டு நிக்கதப் பாத்ததும் உள்ளுக்குள்ள ஏன் அப்படிப் பொங்குச்சு? இந்தா, நீயும் முன்னால ஓடு, காத்துன்னா என்னன்னு ஒனக்கும் தெரியட்டும்னு பொங்குச்சா? பொங்குன மாதிரியும் இருக்கு. இல்ல, இப்போ கெடந்து நானா ஜோடிக்கிற மாதிரியும் இருக்கு. வேணும்னே செஞ்சேனா? வேணும்னே செஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? தெரியாமலும் இருக்குமா? கோட்டிதான் பிடிக்கப் போவுது எனக்கு. ஏன்ட்டின்னு கேட்டாளே, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னை விட என்னைத் தெரிஞ்சவ அவ.

காலேஜுல எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அவளுக்கு இதான் கடைசி. இந்த ரிலேல மொத இடம் வாற டீமத்தான் யுனிவர்சிட்டி பேருல தெக்கு மண்டலப் போட்டிக்கு அனுப்புவாவ, அங்க ஓடுன பிள்ளைய ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேக்குக் கூப்பிட ஆளு இருக்குன்னு சார் சொல்லியிருக்காவ. நேத்து வாங்குன தங்கம் அதுக்குச் செல்லாதாம், அதுக்கு ரிலேதானாம். அது என்ன கணக்கோ. அவ ஒரு மாசமா ரயில்வே ரயில்வேன்னே பேசிக்கிட்டு இருந்தா. ரயில்ல ஏறுனதே ரெண்டு தடவ. சம்பளம் வந்தா மொதல்ல எனக்கு நல்ல ஆணி வச்ச ஷூ, ஸ்பைக்ஸ், வாங்கித் தருவாளாம், என் கால் அளவ நூல் வச்சு அளந்து வேற பாத்தா, கூறுகெட்டவ. ஜெபராணி, மொதல்ல ஓடுனவ, குளுக்கோஸ் தண்ணியக் கொண்டாந்து நீட்டுதா. முகத்தப் பாத்தேன். அவளுக்கும் தெரியுது. "சார் என்ன சொன்னாவ, நீ என்னட்டி பண்ணி வச்சிருக்க?"ன்னு மெதுவாக் கேட்டா. "காத்து தள்ளிருச்சுட்டி"ன்னேன். வந்துருச்சு பாரு வாயில, ஒத்திகை பாத்தது. சார் கயித்துகிட்ட நிக்காவ. ஷூ லேஸ் ஒழுங்காக் கட்டலேன்னாலே வம்சத்த இழுக்குத மனுசன், என்னை ஒரு தடவ திரும்பிப் பாத்து, "நல்லா ஓடுன, தண்ணி குடி"ன்னாவ. அதோட முகத்தத் திருப்பிக்கிட்டாவ. நாலு அறை அறைஞ்சிருந்தா நான் பாட்டுக்கு அழுதுருப்பேன்.

ஆவுடை எதுத்த பக்கம் போயிட்டா. மொத ரவுண்டு. காத்து அவ பனியனப் பிடிச்சு வயித்தோட ஒட்டுது, தலையக் குனிஞ்சுக்கிட்டா, தோளு ஏறிருச்சு. தோள எறக்குட்டி. பச்சை டீமோட கடைசி ஆளு அவ முதுகுல வந்து உக்காந்துட்டா. பத்தடி எங்க போச்சு? அரை ரவுண்டு தாங்கல. நோகாம வந்து ஒட்டிக்கிட்டா, எனக்கு வயிறு எரியுது, இந்நேரம் அந்த இடத்துல ஆவுடையில்லா வந்துக்கிட்டு இருக்கணும். "தாயி"ன்னு ஒரு குரல். பாத்தா ஆவுடையோட அப்பா, மாசானமுத்து மாமா. காக்கிச் சட்டையோட நிக்காவ. களக்காட்டு லைன்ல மினிபஸ் ஓட்டுதாவ, ஒரு நடைய இன்னொரு டிரைவர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்காவ. மவ ஓடி இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. "நம்ம பிள்ள முன்னால போறா பாத்தியா?" "ஆமா மாமா." "நீதான முன்னால கொண்டாந்து குடுத்த? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லா இருப்ப தாயி." நான் குளுக்கோஸக் குடிச்சேன். இனிப்பா இருந்துச்சா, என்னன்னே தெரியல. "இன்னும் எத்தன சுத்து?" "ரெண்டு மாமா." "அப்போ முடிஞ்ச மாதிரிதான். முன்னால போறவள இனி எவ பிடிக்கப் போறா?" அவ்வோ சிரிக்காவ. பல்லு பூரா தெரியுது. பக்கத்துல நிக்கவன்கிட்ட அந்தா போறது என் மவளாக்கும்னு கையக் காட்டுதாவ. மாமா, அது முன்னால போறது இல்ல மாமா, அது சிக்கிக்கிட்டது, நாந்தான் சிக்க வச்சேன்னு சொல்லணும். இதுக்கு எங்க இருந்து ஆரம்பிச்சுச் சொல்ல? காத்துல இருந்தா, முட்டையில இருந்தா?

ரெண்டாவது ரவுண்டுல ஆவுடை ஒரு வேலை பண்ணினா. மூளக்காரிதான் அவ. காத்துப் பக்கம் திரும்புததுக்கு முன்னால ஓரத்த விட்டு வெளிய வந்தா, ரெண்டாவது லேனுக்கு, வழிய விட்டுட்டு. போ, நீ முன்னால போன்னு. பச்சைக்காரி போவலையே! அவளும் கூடவே வெளிய வந்தா, வால் மாதிரி. அங்கிட்டு அவளுவ கோச்சு கயித்துக்கு மேல பாதி ஒடம்ப நீட்டிக்கிட்டு, "போவாத மக்களே, போவாத, அவ பின்னாலயே நில்லு!"ங்காரு. எங்க சார் சொன்னத அந்தாளு அவளுவளுக்குச் சொல்லியிருக்காரு, காத்து என்ன எங்களுக்கு மட்டுமா அடிக்கி. ஆவுடை இன்னும் மெதுவாக்கினா. பச்சையும் மெதுவாக்கினா. ரெண்டு பேரும் நடக்காத கொறை. கேலரியில ஊளை விடுதானுவ, ஏய் என்ன கோயிலச் சுத்துதிகளான்னு ஒருத்தன் கத்துதான். நம்ம பிள்ளைகளே கத்துதுக, ஓடுட்டி, ஏன்ட்டி நிக்கன்னு. மாமா சிரிப்பு போயிருச்சு. "ஏன் தாயி மெதுவாப் போறா? கால்ல எதும் சுளுக்கா?" "இல்ல மாமா. யோசனையா ஓடுதா." "ஓடுததுல என்ன யோசனை?" பின்னால அம்பது அடி தூரத்துல கெடந்த மஞ்சள் பனியன் கிட்ட வந்துருச்சு. இப்படியே உருட்டிக்கிட்டு இருந்தா மஞ்சளும் சேந்துக்கிடும், மூணாவது இடத்துக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு வேற வழி இல்ல. எனக்குத் தெரியுது, சாருக்குத் தெரியுது, அவளுக்கும் தெரியும். முன்னாலதான் ஓடணும். ஓடத் தெரியாத ஓட்டத்த ஓடணும். தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கச் சொன்ன மாதிரி, அதுவும் தும்ப விட்டது நானு, வாலப் பிடிக்கது அவ.

கடைசி ரவுண்டு மணி அடிச்சாச்சு. ஆவுடை கிளம்பினா. தாயே முப்பிடாதி அம்மா, என் பேருக்காரி, நீயாவது கூட ஓடு. மொத வளைவுலயே வேகத்தத் தூக்கிட்டா. இம்புட்டு முன்னால இருந்து அவ தூக்கி நான் பாத்ததே இல்ல, கடைசி வளைவு வரைக்கும் பொத்திப் பொத்தி வைக்கிதவ. எதுத்த காத்துக்குள்ள போயி முட்டுதா. சடைப்பின்னலு பின்னால நேரா நீட்டிக்கிட்டு நிக்கி, வாயத் தொறந்துட்டா, காத்து வாய்க்குள்ள போவும்ட்டி, மூடு, மூடுட்டி. பச்சை ஒரு அடி எடவெளி விட்டுருச்சு. ரெண்டு அடி. ஜெபராணி என் கையப் பிடிச்சு நசுக்குதா. விட்டுட்டாட்டி, பச்சை விட்டுட்டாட்டீங்கா. ஜெயிச்சுருவாளோ? ஜெயிச்சுட்டா என் தப்பே இல்லாமப் போயிரும். எல்லாரும் நான் குடுத்த லீடும்பானுவ, நானும் ஆமான்னு சொல்லி வெள்ளையும் சொள்ளையுமா மேடையில ஏறலாம். அந்த நேரத்துல, அவ நெஞ்சு வெடிக்க ஓடுத நேரத்துல, எனக்கு இந்த நெனப்பு. அதுக்குப் பின்னாலயே இன்னொண்ணும் வந்துச்சு. வரக்கூடாதது. அவ முன்னால ஓடியும் ஜெயிச்சுட்டா, அப்போ நேத்து முன்னால ஓடித் தோத்த நான் யாரு? ஒரு சொட்டுதான். கண்ண மூடி முழிக்கதுக்குள்ள போயிருச்சு. ஆனா வந்துச்சு. நாசமாப் போன மனசு, எங்க வச்சுப் பொறந்த நீ. நான் கத்தினேன், ஆவுடே, ஆவுடேன்னு, கயித்தப் பிடிச்சுக்கிட்டு, தொண்டை கிழிய. அந்தச் சொட்டு வந்ததுனால இன்னும் சத்தமாக் கத்தினேன்.

கடைசி வளைவு. பச்சை அவசரப்படல. அவசரப்பட அவளுக்கு என்ன தலையெழுத்து, காத்து பூரா ஒருத்தி வாங்கிக் குடுத்திருக்கா. நேர்கோட்டுல திரும்புனாளுவ. ஆவுடை தலை ஆடுது, கை கீழ வந்துருச்சு, காலு மட்டும் ஒரு வீம்புல போவுது. பச்சை பக்கத்துல வந்தா. ஒரு எட்டு, ரெண்டு எட்டு. நேத்து எனக்கு நடந்ததே அவளுக்கு நடக்குது, அதே கிரவுண்டு, அதே இடம். நல்லா வேணும்னு தோணணும்லா இப்போ? தோணல. விடாதட்டி. விடல அவ. பச்சை தாண்டினதுக்கு அப்புறமும் விடல, திரும்பப் பக்கத்துல வந்தா, தோளும் தோளும் ஒட்ட வந்தா, அவ்வளவு காத்தக் குடிச்சவளுக்கு எங்க இருந்து வந்துச்சோ அந்தத் தெம்பு. சார் வாயப் பொத்திக்கிட்டாவ. கோட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்த மாதிரித்தான் இருந்துச்சு. மாமா "ஜெயிச்சாச்சா? ஜெயிச்சாச்சா?"ன்னு என் தோளப் பிடிச்சு உலுக்குதாவ. எனக்குத் தெரிஞ்சுருச்சு. ஒரு கை அகலம். பச்சைதான். அவளுவ கூட்டம் கிரவுண்டுக்குள்ள எறங்கி ஓடுது, பச்சை பச்சையா.

அப்புறம் பேச்சு வந்துச்சு பாரு. இந்தப் பேச்ச நான் எதிர்பாக்கவே இல்ல. தோத்தா என்னைத்தான் கிழிப்பானுவன்னு அவ்வளவு நேரமும் பயந்துக்கிட்டு நின்னேன், கூறுகெட்ட மூதி. கேலரியில இருந்து எறங்கி வாறதுக எல்லாம் என் முதுகத் தட்டுதுக. நீ என்னட்டி பண்ணுவ, ஒன் வேலைய நீ பண்ணிட்ட. கையில கெடச்சதக் கோட்டை விட்டுட்டாளே பாவி. லீடு வாங்குன ஒடனே ஓடாம என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாளாம்? நடந்தால்லா, நடுவுல நடந்தால்லா, நாங்க பாத்தோம்லா. நேத்துத் தங்கம் வாங்குன திமிருட்டி. அத்தனையும் ஆவுடைக்குக் கேக்குது. அந்தா பத்தடி தள்ளி மல்லாந்து கெடக்கா, நெஞ்சு ஏறி எறங்குது, பேட்டன் இன்னும் கையிலயே இருக்கு, ஜெபராணி தலைமாட்டுல உக்காந்து தண்ணி தெளிக்கா. சொல்லு. இப்பச் சொல்லு. ஏ வாய மூடுங்கட்டி எல்லாரும், ரெண்டாவதாக் குடுன்னு சொன்னாவ, நாந்தான் கேக்காம மொத ஆளாக் கொண்டாந்து அவ தலையில கட்டினேன், அவ நடந்தது திமிரு இல்ல, நான் போட்ட முடிச்ச அவுக்கப் பாத்தான்னு சொல்லு. அம்புட்டும் மூணு வரி. சார் பாக்காவ என்னை. சார் சொல்லல. நான் சொல்லட்டும்னு நிக்காவ, எனக்கு வெளங்குது. இவளுவ ஒரு நிமிசம் பேச்ச நிறுத்தட்டும், சொல்லுதேன். அவ எந்திரிச்சு உக்காரட்டும், சொல்லுதேன். மூச்சு வரட்டும் எனக்கு. என் மூச்சு எப்பவோ வந்துருச்சு.

மாமா மவள்ட்ட போனாவ, குனிஞ்சு என்னமோ கேட்டாவ, அவ தலைய மட்டும் ஆட்டினா. பெறவு நிமிந்து கூட்டத்த ஒரு சுத்து பாத்தாவ, எல்லாப் பேச்சும் அவ்வோ காதுலயும் விழுந்துதான இருக்கும், சட்டையக் கீழ இழுத்து விட்டுக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாவ. நான் ரெண்டு எட்டு பின்னால போனேன். கும்பிட்டாவ. காக்கிச் சட்டையோட, அம்பது வயசு மனுசன், இருவது வயசுக்காரி முன்னால ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டு, "தாயி, நீ உசுரக் குடுத்து முன்னால கொண்டாந்து குடுத்த. என் மவ அதத் தொலைச்சுட்டா. அவளுக்கு அம்புட்டுதான் சாமர்த்தியம். மனசுல வச்சுக்கிடாத, ஒரே ரூம்ல கெடக்குத பிள்ளைக, அவள ஒதுக்கிராத"ன்னாவ. அவ்வோ தோளுக்கு மேல ஆவுடை எந்திரிச்சு உக்காந்து என்னையே பாக்கா. அழல. அவளும் ஒண்ணும் சொல்லல, அப்பாகிட்ட. நான் என்ன சொல்லப் போறேன்னு பாத்துக்கிட்டு இருக்கா. நான் வாயத் தொறந்தேன். "அதெல்லாம் பரவாயில்ல மாமா, விடுங்க"ன்னேன்.